சிலுவை இல்லாத வண்டி

அத்தியாயம் 17

ஏலியாவின் மூச்சு நின்றபோது மணி ஐந்து பத்து. ஆடி வெள்ளி. கோயில் ஒலிபெருக்கியில் அப்போதுதான் அம்மன் பாட்டு ஆரம்பித்திருந்தது.

மிரியம் அப்பாவின் கண்களை மூடினாள். பிறகு தன் சுடிதாரின் கழுத்தோரத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்தாள். அவர்கள் வழக்கம் அது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

நான்கு நாளாக அவர் பேசவே இல்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மலையாளம் கலந்த தமிழில் கேட்டதுதான் கடைசி. "மோளே, என்னைய உங்கம்மா பக்கத்துல கொண்டுபோய்ப் படுக்க வை. சிலுவைக்குக் கீழ வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டாள். சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

ஊரைப் பொறுத்தவரை ஏலியா கிறிஸ்தவர். அவர் மகள் மேரி. திருச்செங்கோடு சங்ககிரி ரோட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் இரண்டு போர் வண்டி வைத்திருக்கும் காளியப்பன் வீட்டு மருமகள். கல்யாணப் பத்திரிகையிலேயே அப்படித்தான் அச்சடித்தார்கள். அவர்கள் யூதர்கள் என்பது இந்தப் பக்கத்தில் அவள் புருஷன் குமரகுரு ஒருவனுக்குத்தான் தெரியும்.

இந்தப் பொய்யை ஆரம்பித்து வைத்தவரே ஏலியாதான். மிரியம் இங்கே இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது மும்பையில் அந்தத் தாக்குதல் நடந்தது. யூதர்கள் என்பதற்காகவே ஒரு வீட்டுக்குள் புகுந்து சுட்டார்கள். அன்றைக்கு எர்ணாகுளத்திலிருந்து அப்பா போன் பண்ணி, "யார் கேட்டாலும் கிறிஸ்தவங்கன்னு சொல்லிடு மோளே" என்றார். பெற்ற பயம். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குமரகுருவின் கதை வேறு. "எங்கப்பாவுக்குக் கிறிஸ்தவங்கன்னா யாருன்னு தெரியும். யூதருன்னா நான் எங்கிருந்து ஆரம்பிக்கறது? கல்யாணம் முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றான். பதிமூன்று வருஷமாக அந்த 'மெதுவா' வந்து சேரவில்லை. அவனைத் திட்டி உங்களில் பல பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

---

ஆறரை மணிக்கு மிரியம் எர்ணாகுளத்துக்குப் போன் போட்டாள். எடுத்தவர் சாலமன். அங்கே மிச்சமிருக்கும் நாலைந்து குடும்பங்களுக்குக் கல்யாணம் என்றாலும் சாவு என்றாலும் அவர்தான்.

"இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள வந்துடு" என்றார். "சாய்ஞ்சா நமக்கு ஓய்வு நாள் பிறந்துடும். அப்புறம் ஞாயித்துக்கிழமைதான். அதுவரைக்கும் உங்கப்பாவைக் காக்க வைக்கக்கூடாது. நான் குழி வெட்டச் சொல்லிடறேன்."

"சரிங்க அங்கிள்."

"இன்னொண்ணு. பிரார்த்தனை சொல்ல நம்ம ஆம்பளைங்க பத்துப் பேர் வேணும். ஊருல இருக்கறது ஏழு. மூணு பேருக்கு நான் எங்கேயாவது போய் நிக்கறேன். நீ கிளம்பு."

பத்துப் பேர் இல்லாவிட்டால் இறந்தவருக்கான அந்தப் பிரார்த்தனையைச் சத்தமாகச் சொல்ல முடியாது. சின்ன வயதில் அவள் பார்த்த ஜெப வீட்டில் பத்துப் பேருக்கு நிற்க இடம் தேடவேண்டியிருக்கும். ஒவ்வொரு குடும்பமாக இஸ்ரேலுக்குப் போய்விட்டது. அண்ணன் யோசேப்பும் போய்விட்டான். இன்று காலை போனில் அவனால் ஒரு வார்த்தைகூடப் பேச முடியவில்லை. எந்த விமானத்தைப் பிடித்தாலும் அவனுக்கு நேரம் கிடையாது. இருவரும் சேர்ந்து அழுதார்கள், அவ்வளவுதான்.

பொழுது சாய ஆறே முக்கால் ஆகும். லாரியோ வேனோ, ஏழு மணி நேரப் பயணம். பத்தரைக்குள் இங்கிருந்து கிளம்பியாக வேண்டும்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், அவளுடைய மாமியார் சின்னாயி எல்லா ஏற்பாட்டையும் முடித்து வைத்திருந்தாள்.

சின்னாயியிடம் ஒரு வேலையைச் சொல்லவே வேண்டாம். சாவு என்று காதில் விழுந்ததும் பந்தலுக்கு ஆள் போயிற்று, டாக்டர் வந்து சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தாயிற்று, ஐஸ் பெட்டி வந்தாயிற்று. டவுனில் இருக்கும் சர்ச்சுக்கும் சொல்லி அனுப்பியிருந்தாள். சம்பந்திக்கு எந்தக் குறையும் வந்துவிடக்கூடாது அவளுக்கு.

"ஃபாதரு ஒம்பது மணிக்கு வந்துருவாராம் சாமி. கல்லறையில எடம் சொல்லியாச்சு, வண்டியும் வந்துருச்சு" என்றாள். பிறகு மருமகளின் கழுத்தைப் பார்த்தாள். "ஐயோ, கிழிஞ்சிருக்குது பாரு. இத்தன சனம் வருது." தன் வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, கிழிசலைச் சேர்த்துக் குத்திவிட்டாள்.

மிரியம் தடுக்கவில்லை. அந்தக் கையின் பிரியத்தைத் தட்டிவிட அவளுக்குத் தெம்பில்லை.

வாசலில் வெள்ளை நிற அமரர் ஊர்தி நின்றிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு நீலச் சிலுவை.

"அத்தை, அப்பாவை எர்ணாகுளம் கொண்டு போகோணுங்க. அம்மா பக்கத்துல வைக்கோணும்னு கேட்டாருங்க."

"அதுக்கென்ன சாமி, தாராளமாப் போலாம். அந்த வண்டியிலயே போச் சொல்றேன்."

"இந்த வண்டி வேண்டாங்க."

"ஏன்?"

"சிலுவை இருக்குதுங்க."

பந்தலுக்குக் கீழே இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். குமரகுரு ஓடி வந்து அவளைக் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"வேற வண்டி சங்ககிரி போயிருக்குது, மத்தியானம்தான் வருமாம். ஒரு பெட்ஷீட்டைப் போட்டு ரெண்டு பக்கமும் மூடிக்கலாம். யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். போயிட்டு வந்து பொறுமையாப் பேசிக்கலாம், மிரியம்."

"பதினேழு வருஷமா மூடிக்கிட்டுத்தான் இருந்தாரு குமரா. செத்தப்பறமும் மூடித்தான் கொண்டு போகோணுமா?"

"நேரமில்லையேன்னு சொல்றேன்."

"உனக்கு எப்பவுமே நேரமில்லை."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பாவம்தான். ஆனால் பாவமாக இருப்பதாலேயே ஒருவன் செய்தது சரியாகிவிடாது.

---

கேட்டருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காளியப்பன் எழுந்து வந்தார். எழுபது வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, சாதாரணமாக இரண்டு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாளானாலும் சாவானாலும் எதற்கும் கைகூப்புப் படம்தான் போடுவார்.

"அந்தப் புள்ள வேண்டாங்குதல்ல, உடுங்க. எதுக்குன்னு பொறகு கேட்டுக்கலாம்" என்றார். "நம்ம சப்போர்ட்டு வண்டி பள்ளிபாளையத்துல இருந்து வந்துட்டிருக்குது. ஜெனரேட்டர் இருக்குது, ஐஸ் பொட்டி பாட்டுக்கு ஓடும். மணியன் ஓட்டட்டும். என்ற சம்பந்திய என்ற வண்டியிலயே கொண்டு போறேன்."

மிரியம் கேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவர் எந்த வண்டியைச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

காளியப்பனின் முதல் செட்டுக்கு மலைமேல் இருக்கும் சாமியின் பேர். எட்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டாவது செட் வாங்கியபோது, என்ன பேர் வைக்கலாம் என்று டீக்கடையில் பேச்சு வந்தது. பாறைக்கு அஞ்சாத வண்டிக்கு அஞ்சாத ஆள் பேர் வேண்டும் என்று எவனோ சொன்னான். நம் பக்கத்தில் கண்டிப்பான வாத்தியாரையும், விறைப்பான மேனேஜரையும் பாதி பயத்தில் பாதி மெச்சலில் அந்தப் பேர் சொல்லித்தானே கூப்பிடுகிறோம்? காளியப்பனுக்கும் அவ்வளவுதான் தெரியும். ரிக்கிலும், அதோடு குழாய் ஏற்றிப் போகும் சப்போர்ட் லாரியிலும், முன்கண்ணாடியில் சிவப்பு ரேடியம் எழுத்தில் ஒட்டினார்.

ஹிட்லர்.

மனைவி போன பிறகு ஏலியா நான்கு வருஷத்துக்கு முன் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ரயில்வேயில் குட்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சத்தம் போடாத மனிதர். அந்த வண்டி வளாகத்துக்குள் வரும்போதெல்லாம் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். காளியப்பன் கவனித்தார். சம்பந்திக்குச் சத்தம் ஆகவில்லை போல என்று நினைத்தார். டிரைவர்களைக் கூப்பிட்டு, "கேட்டுக்கு வெளியவே இன்ஜினை நிறுத்தீரு. சரிவுதான், வண்டி தானா உருண்டு உள்ள வந்துரும். அந்தப் பெரியவரு தூங்கோணும்" என்று உத்தரவு போட்டார்.

அன்றிலிருந்து அந்தப் பேர் சத்தமே இல்லாமல் உள்ளே வர ஆரம்பித்தது. ஏலியாவுக்கு ஜன்னலைச் சாத்த நேரம்கூடக் கிடைக்காமல் போயிற்று.

இன்றைக்கும் அப்படியே வந்தது. டிரைவர் மணியன் பழக்கதோஷத்தில் கேட்டருகிலேயே இன்ஜினை அணைத்தான். லாரி ஒரு முனகல்கூட இல்லாமல் சரிவில் உருண்டு வந்து, பந்தலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்த ஏலியாவின் தலைமாட்டுப் பக்கம் நின்றது. காலை வெயிலில் அந்தச் சிவப்பு எழுத்துகள் பளபளத்தன.

மிரியம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதும் வேண்டாங்க மாமா."

"சிலுவை வேண்டாம், லாரி வேண்டாம்னா, பொணத்தைத் தோள்லயா போட்டுட்டுப் போறது?" என்றார் வீரபாகு. காளியப்பனின் தம்பி. குடும்பக் குழுவில் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் எதையாவது அனுப்பிக்கொண்டிருப்பவர்.

"மேரி, எந்திரி. உள்ள வா" என்றான் குமரகுரு.

"என் பேரு மேரி இல்லீங்க." அவள் புருஷனைப் பார்க்கவில்லை. பந்தலைப் பார்த்துச் சொன்னாள். "மிரியமுங்க. நாங்க கிறிஸ்தவங்களும் இல்லீங்க. யூதருங்க. எங்கப்பா யூதராத்தான் பொறந்தாரு, அப்படியேதான் செத்தாரு. அவரு மேல சிலுவை வைக்கக்கூடாதுங்க."

சொல்லிவிட்டு, கழுத்தில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினாள். கிழிசல் திறந்துகொண்டது. "இது தானாக் கிழியலீங்க அத்தை. அப்பா போனதுக்கு நான்தான் கிழிச்சேன். எங்கள்ல அப்படிங்க."

சின்னாயிக்கு யூதர் என்ற வார்த்தை புரியவில்லை. வீரபாகுவுக்குத்தான் முதலில் புரிந்தது.

"வாட்ஸ்அப்புல வருதே, அவங்களா? ஒலகத்துப் பணத்தையெல்லாம் அமுக்கி வெச்சிருக்கற ஆளுங்களா?"

"எங்கப்பாவோட பொட்டி உள்ளதான் இருக்குதுங்க சின்ன மாமா. நாலு சட்டை இருக்கும். தெறந்து பாத்துக்குங்க."

போன வருஷம் வீரபாகு குழுவில் அனுப்பிய ஒன்றை மிரியம் மறக்கவில்லை. யூதர்களில் கொஞ்சம் பேரைத் தான் ஏன் விட்டு வைத்தேன் என்று அந்த ஹிட்லரே சொன்னதாக எவனோ கட்டிவிட்ட ஒரு வாசகம். அப்போது அவள் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே ஆறு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். அவளுடைய மாமனார் வழக்கம்போல் கைகூப்பியிருந்தார். கடுகு கருகிப்போயிற்று. அப்பா அதைப் பார்த்திருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார் என்பது, இரண்டு நாள் சாப்பாட்டுக்கு அவர் வெளியே வராததில் தெரிந்தது. டி.வி.யில் சண்டைச் செய்தி வந்தால் இரண்டு பக்கத்துக் குழந்தைகளுக்காகவும் அழுகிற மனிதர் அவர்.

காளியப்பன் நடந்து வந்து அவளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"யூதருன்னா யாருன்னு எனக்குத் தெரியாது கண்ணு. யாரா வேணா இருந்துட்டுப் போங்க. இந்த வண்டி என்ன பண்ணுச்சு?"

"வண்டி ஒண்ணும் பண்ணலீங்க மாமா. அந்தப் பேருங்க." அவள் கையைக் காட்டினாள். "அந்த ஆளு எங்க சனங்களைப் புடிச்சுப் புடிச்சுக் கொன்னவனுங்க. யூதருன்னு பொறந்ததுக்காகவே."

"எத்தன பேரு?"

"அறுபது லட்சமுங்க."

காளியப்பன் மகனை நிமிர்ந்து பார்த்தார். பொய்யில்லை என்று குமரகுரு தலையை ஆட்டினான்.

"நாமக்கல்லு, சேலம், ரெண்டு ஜில்லாவையும் சேத்தாக்கூட அத்தன சனம் வராதே" என்றார் காளியப்பன். பிறகு ரொம்ப மெதுவாக, "கொழந்தைங்களையுமா?"

"கொழந்தைங்களையுமுங்க."

அவர் லாரியைப் பார்த்தார். பிறகு சம்பந்தியின் அறை ஜன்னலைப் பார்த்தார். அது இன்றைக்கு விரியத் திறந்து கிடந்தது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"அப்ப, அவரு ஜன்னலைச் சாத்துனது..."

மிரியம் அழுதாள்.

"நாலு வருசம் கண்ணு. தெனமும் சாயங்காலம் ஒரே பேப்பரை ரெண்டாப் பிரிச்சுப் படிச்சோம். என்ற பக்கத்துல உக்காந்து சோறு தின்ன மனுசன் ஆருன்னு எனக்குத் தெரியாமயே போயிட்டாரே. ஒரு வார்த்தை சொல்லீருந்தா அன்னிக்கே அழிச்சிருப்பனே. நான் அப்படிப்பட்டவன்னா நெனச்சீங்க ரெண்டு பேரும்?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தார்கள். ஊரைப் பார்த்துப் பயந்ததுபோலவே இந்த மனிதரைப் பார்த்தும் பயந்தார்கள். சம்பந்திக்காக இன்ஜினை நிறுத்தச் சொன்ன மனிதரை.

---

மணி ஒன்பதே கால். ஃபாதரையும் சிலுவை வண்டியையும் திருப்பி அனுப்பியாயிற்று.

காளியப்பன் ஒரு சொம்பில் சுடுதண்ணீரும் ஒரு பிளேடும் கேட்டார். மணியன் தான் செய்வதாகச் சொல்லி முன்னால் வந்தான். அவனைத் தள்ளிவிட்டு அவரே லாரியின் பம்பரில் ஏறி நின்று சுரண்ட ஆரம்பித்தார். எட்டு வருஷத்து வெயிலில் ஒட்டிக் கிடந்த ரேடியம். சில்லுச் சில்லாகத்தான் வந்தது. வெட்டுப்பட்டு விரலில் ரத்தம் வந்தது. அதை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி சுரண்டினார். வீரபாகு செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

முடிந்ததும் கைகால் கழுவி, மாற்று வேட்டி கட்டி, சம்பந்தி முறைக்கு வாங்கி வைத்திருந்த கோடித் துணியை எடுத்து வந்தார். "இது போடலாமா? உங்கள்ல இதுக்கும் ஏதாச்சும் முறை இருக்குதா?"

"எங்களுக்கும் வெள்ளைத் துணிதானுங்க மாமா. போடுங்க. மாலை மட்டும் வேண்டாங்க."

போட்டார். குனிந்து சம்பந்தியின் கால்மாட்டைச் சரிசெய்தார்.

"அங்க என்னென்ன வேணும்?"

அவள் பத்துப் பேர் கதையைச் சொன்னாள். ஏழு பேர்தான் இருக்கிறார்கள் என்றாள்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கற? நம்ம ஊட்டுல இருந்து பதினஞ்சு ஆம்பளைங்க வாரோம்."

"அது... எங்க ஆளுங்களாத்தான் இருக்கோணுங்க மாமா. மத்தவங்க எத்தன பேரு இருந்தாலும் கணக்குல வராதுங்க."

இதைச் சொல்லும்போது அவளுக்கு நாக்குக் கூசியது. ரத்தம் கட்டிய அந்த விரலைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது.

"சரி. கணக்குல வராட்டிப் போகுது. தூக்கறதுக்கு ஆள் வேணுமுல்ல?" என்று சொல்லிவிட்டு, காரிலும் வேனிலும் ஏறச் சொல்லி ஆட்களைக் கூப்பிடப் போனார் காளியப்பன்.

சின்னாயிதான் அசையவில்லை. உள்கதவு ஓரத்தில், பேத்தி சௌமியாவின் மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மிரியம் பக்கத்தில் போனதும், "அந்த ஊக்கை என்ற கையில குடு" என்றாள்.

கொடுத்தாள்.

"பதிமூணு வருசம். மேரி, மேரின்னு நான் கூப்பிடறப்பெல்லாம் நீ மனசுக்குள்ள சிரிச்சிருப்ப."

"இல்லீங்க அத்தை. சத்தியமா இல்லீங்க. ஒவ்வொரு தடவையும் அழுகைதான் வந்துச்சு."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் உன்ற பிரசவத்தைப் பாத்தவ. உனக்குக் காய்ச்சல்னா நான் முழிச்சிருந்தவ. எங்கிட்டக்கூட வேசம் போட்டியே."

மிரியம் மகளிடம் கையை நீட்டினாள். "வா சௌமி, தாத்தாவை வழியனுப்பிட்டு வரலாம்."

பதினொரு வயதுச் சௌமியா அம்மாவையும் பாட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். "நானும் அதாம்மா? இல்ல இவங்க மாதிரியா?"

யூதர்கள் வழக்கப்படி அம்மா எதுவோ குழந்தையும் அதுவே. மிரியம் வாயைத் திறப்பதற்குள் சின்னாயி முந்திக்கொண்டாள்.

"இவ ஆருன்னு நீ சொல்ல வேண்டாம். இவ எங்க ஊட்டுப் புள்ள. நான் உடமாட்டேன். நீ போயி உங்கப்பன் காரியத்தைப் பாரு."

சொல்லிவிட்டுப் பேத்தியை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மிரியம் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றாள். மணி பத்தரை. தட்டி, கெஞ்சி, சண்டை போட நேரம் கிடையாது. அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு வெளியே வெயிலில் காத்திருந்தது. பெற்றவரா, பெற்ற பிள்ளையா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒருத்தி என்னதான் செய்வாள்? அவள் லாரியை நோக்கி நடந்தாள். அந்த இருபது அடியை நடந்து முடிக்க அவளுக்கு இருந்த பலமெல்லாம் செலவாகிவிட்டது.

லாரியின் பின்பக்கம் ஏறப்போனவளைக் காளியப்பன் தடுத்தார்.

"எங்க ஏர்ற?"

"அடக்கம் ஆகற வரைக்கும் தனியா உடக்கூடாதுங்க மாமா. யாராச்சும் பக்கத்துலயே இருக்கோணும்."

"நீ நாலு ராத்திரி தூங்கல. முன்னால போயி உக்காரு. நான் இருக்கறேன். பக்கத்துல உக்காரறதுக்குமா கணக்கு வெச்சிருக்கறீங்க?"

"இல்லீங்க மாமா."

"அப்ப போ."

எழுபது வயதில் அவர் குழாய்களைப் பிடித்து ஏறி, ஐஸ் பெட்டியின் தலைமாட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மணியன் இன்ஜினைப் போட்டான். ஓசையில்லாமல் உருண்டு வந்த அந்த வண்டி, உறுமிக்கொண்டு வளாகத்தை விட்டுக் கிளம்பியது.

---

பள்ளிபாளையம் பாலத்துக்குக் கீழே காவிரி நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பெருந்துறை தாண்டியபோது கேபினில் பக்கத்தில் இருந்த குமரகுரு ஒரு தடவை மிரியத்தின் கையைத் தொட்டான். அவள் கையை எடுக்கவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

காளியப்பன் எழுத்தைச் சுரண்டிவிட்டாரே தவிர, கண்ணாடியில் பிசின் மிச்சம் இருந்தது. அவிநாசி வருவதற்குள் ரோட்டுத் தூசி அதில் படிந்துவிட்டது. உள்ளே உட்கார்ந்திருந்த மிரியத்துக்கு அந்தப் பேர் வலமிடமாகத் திரும்பி, மண் நிறத்தில் தெரிந்தது. மணியனும் பார்த்தான். தண்ணீரை அடித்து வைப்பரைப் போட்டான். ஈரம் காய்ந்ததும் மறுபடி தெரிந்தது.

"ஊருக்குப் போனதும் கண்ணாடியவே மாத்தீர்லாமுங்க அக்கா" என்றான் அவன்.

வாளையாறு செக்போஸ்டில் வண்டிப் பேப்பரைப் பார்க்கிறோம் என்று அரை மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். பாலக்காட்டைத் தாண்டியபோது மணி மூன்றை நெருங்கியிருந்தது. வெயில் இவர்களுக்கு முன்பக்கம் இறங்க ஆரம்பித்திருந்தது. அப்போதுதான் சாலமனின் போன் வந்தது.

"பரவூர்ல இருந்து ஒருத்தர் வந்துட்டார் மோளே. மட்டாஞ்சேரியில சுத்திப் பார்க்க வந்திருந்த ஒரு அமெரிக்காக்காரப் பையன் கிடைச்சான், நம்ம பையன். ஒன்பது ஆச்சு."

"இன்னும் ஒருத்தர்?"

"தேடறேன். நீ எங்க இருக்கே?"

"பாலக்காடு தாண்டிட்டோம் அங்கிள்."

"சீக்கிரம் வா" என்றார் அவர். குரலில் நம்பிக்கை இல்லை.

ஒன்பது பேர். ஒருத்தர் குறைகிறார். பின்னால் பதினைந்து ஆண்கள் காரிலும் வேனிலும் வந்துகொண்டிருக்கிறார்கள். பதினைந்து பேருமாகச் சேர்ந்தாலும் அந்த ஒரு ஆளாக முடியாது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பாவுக்காக அழுதாளா, தாழ்ப்பாள் போட்ட கதவுக்காக அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

லாரி ஒரு டோல்கேட்டில் நின்றது. இன்ஜின் சத்தம் தணிந்தபோது, பின்பக்கமிருந்து யாரோ பேசுவது கேட்டது. மாமாவுக்கு ஏதாவது வேண்டுமோ என்று கேபினின் பின்புறத்துச் சின்ன ஜன்னலை நகர்த்திப் பார்த்தாள்.

காளியப்பன் அவளைக் கவனிக்கவில்லை. ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் ஒரு கையை வைத்திருந்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், ஒரே விஷயத்தை எத்தனையாவது தடவையாகவோ திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சத்தத்துக்காகன்னு நெனச்சுட்டனுங்க சம்பந்தி. சத்தத்துக்காகன்னுதான் நெனச்சேன்."